கூடாத மேற்கை எலும்பு: பிளேட்டா, ராடா, வளையமா?

தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் எலும்பு முறிந்தால் பெரும்பாலும் கத்தி வைக்காமலேயே கூடிவிடும். சுற்றிலும் தசை இருக்கிறது, இரத்த ஓட்டம் உண்டு, உடல் எடையைச் சுமக்கும் கட்டாயம் இல்லை. 1977இல் அகஸ்டோ சார்மியென்டோ என்ற மருத்துவர் விவரித்த, மேற்கையைச் சுற்றி இறுக்கி மாட்டும் பிளாஸ்டிக் உறையான பிரேஸ் இந்த நம்பிக்கையில்தான் இன்றும் போடப்படுகிறது. ஆனால் எல்லோருக்கும் கூடுவதில்லை. பின்லாந்தில் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், பிரேஸ் போட்டவர்களில் சுமார் 30 சதவீதம் பேர் ஒரு வருடத்துக்குள் அறுவை சிகிச்சைக்குப் போக வேண்டியிருந்தது. எலும்பு கூடாததே அதற்கு முக்கியக் காரணம்.

இந்த நிலைக்கு வந்தவர்கள் கையில் எக்ஸ்ரேயோடு இரண்டு மூன்று மருத்துவர்களைப் பார்ப்பது வழக்கம். ஒருவர் பிளேட் வைக்கலாம் என்பார், முன்பே அறுவையில் எலும்புக் குழாய்க்குள் ராடு (நீளமான உலோகத் தண்டு) செருகியிருந்தால் இன்னொருவர் அதை எடுத்துவிட்டுத் தடிமனான ராடு போடலாம் என்பார், மூன்றாமவர் கைக்கு வெளியே மாட்டி, கம்பிகளால் எலும்பைப் பிடிக்கும் இலிசரோவ் வளையம் பற்றிப் பேசுவார். மூன்றும் சம எடை கொண்ட வழிகள் அல்ல. மேற்கையைப் பொறுத்தவரை இரண்டு முனைகளையும் அழுத்திப் பிடிக்கும் பிளேட்தான் அளவுகோல். வேறு எதைப் பரிந்துரைத்தாலும், இந்தக் கையில் பிளேட் ஏன் சரிவராது என்பதற்கு ஒரு குறிப்பான காரணம் இருக்க வேண்டும்.

எவ்வளவு நாள் காத்திருப்பது?

மேற்கை எலும்புக்கு ஆறு மாதம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட எல்லை. அதற்கு முன்பே அறிகுறி தெரியும். ஆறாவது வாரத்தில் மருத்துவர் கையைப் பிடித்து மெல்ல அசைக்கும்போது முறிந்த இடம் தளதளவென்று ஆடினால், எக்ஸ்ரேயிலும் புது எலும்பு தென்படாவிட்டால், அது தானாகக் கூடும் வாய்ப்பு குறைவு. மூன்றாம் மாதத்திலும் அதே நிலை என்றால் அறுவை சிகிச்சை பற்றிப் பேசத் தொடங்கிவிடலாம். காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. பயன்படுத்தாத எலும்பு மெலிந்து ஸ்க்ரூ பிடிக்காத பதத்துக்குப் போகும், தோளும் முழங்கையும் இறுகும். ஒரு வருடம் கழித்து வருபவரின் கையில் வேலை இரண்டு மடங்கு.

எந்த உலோகம் என்பதற்கு முன், ஏன் கூடவில்லை?

எக்ஸ்ரேயில் முறிந்த முனைகள் யானைப் பாதம்போல் அகன்று பருத்திருந்தால், எலும்பு வளரத் தயாராகத்தான் இருக்கிறது, அசைவுதான் அதைக் கெடுக்கிறது. அங்கே உறுதியான பிடிப்பு மட்டும் போதும், எலும்பு ஒட்டு (வேறிடத்திலிருந்து எடுத்து வைக்கும் எலும்பு) வேண்டாம். முனைகள் பென்சில் சீவியதுபோல் மெலிந்து, சுற்றிலும் புது எலும்பே இல்லாமல் இருந்தால் உயிரோட்டம் செத்துவிட்டது என்று பொருள். அங்கே பிடிப்போடு உயிருள்ள எலும்பும் வேண்டும். மூன்றாவது வகையில் முனைகளுக்கு நடுவே வழவழப்பான உறையும் நீரும் சேர்ந்து ஒரு பொய் மூட்டே உருவாகியிருக்கும். அதை முழுதாக வெட்டி எடுக்காமல் எந்தப் பிளேட்டும் வேலை செய்யாது.

காரணங்களில் முதலாவது இடைவெளி. கனமான மாவுக்கட்டைத் தொங்கவிட்டு இழுத்தாலோ, முனைகள் விலகிய நிலையிலேயே ராடைப் பூட்டினாலோ அந்த இடைவெளி நிரம்பாது. நடுவில் தசை மாட்டிக்கொண்டாலும் அதே கதைதான். புகை, கட்டுப்பாடில்லாத சர்க்கரை, வைட்டமின் டி குறைவு ஆகியவை இதற்குத் துணை போகும். புத்தூர் கட்டு போட்டுவிட்டு மூன்றாவது, நான்காவது மாதத்தில் வருபவர்களிடம் பெரும்பாலும் பார்ப்பது அசைவால் கூடாத முறிவு. மூங்கில் பத்தையும் துணியும் தோளுக்கு அருகே திருகும் விசையைத் தடுப்பதில்லை. மறுபக்கம், மருத்துவமனையில் குட்டையான பிளேட்டும் பக்கத்துக்கு இரண்டே ஸ்க்ரூவும் வைத்து அனுப்பியதும் அதே காரணத்தால்தான் தோற்கிறது. பழியை ஒரு பக்கம் மட்டும் போட முடியாது.

ஏற்கெனவே அறுவை சிகிச்சை நடந்த கை என்றால் சீழ்த் தொற்று இருக்கிறதா என்பது முதல் கேள்வி. அழற்சியைக் காட்டும் இரத்தச் சோதனைகளான சிஆர்பி, இஎஸ்ஆர் இரண்டும் இயல்பாக இருந்தாலும் தொற்று இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. தோளருகே வாழும் சில கிருமிகள் காய்ச்சலோ சீழோ காட்டாமல் மாதக்கணக்கில் பதுங்கியிருக்கும். அதனால் அறுவையின்போது முறிவிடத்திலிருந்து குறைந்தது ஐந்து திசுத் துண்டுகளைத் தனித்தனிக் கருவியால் எடுத்துக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்ப வேண்டும். மெதுவாக வளரும் கிருமிக்காக அதை 14 நாள் வைத்துப் பார்க்க வேண்டும். அறுவைக்கு இரண்டு வாரம் முன்பே ஆன்டிபயாடிக் மாத்திரைகளை நிறுத்தியிருந்தால்தான் முடிவை நம்பலாம்.

பிளேட்: எப்படிச் செய்தால் கூடும், எப்படிச் செய்தால் தோற்கும்

வெளியான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் பிளேட்டும் சொந்த எலும்பு ஒட்டும் சேர்ந்த சிகிச்சையில் 95 சதவீதத்துக்கும் மேல் கூடுகிறது. ஆனால் அந்த எண் சரியாகச் செய்த பிளேட்டுக்கு உரியது.

முதலில் மணிக்கட்டையும் விரல்களையும் தூக்க உதவும் ரேடியல் நரம்பைக் கண்டுபிடித்து ஒதுக்க வேண்டும். பிறகு முனைகளுக்கு நடுவே உள்ள நார்த்திசு முழுவதையும் எடுக்க வேண்டும். செத்துக் கெட்டியான எலும்பை, வெட்டுமுகத்தில் இரத்தப் புள்ளிகள் தெரியும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சீவ வேண்டும். மூடிப்போன மஜ்ஜைக் குழாயை டிரில்லால் இருபக்கமும் திறக்க வேண்டும். இப்படிச் சீவினால் எலும்பு குட்டையாகும், அதற்கு யாரும் அஞ்ச வேண்டியதில்லை. மேற்கை 3 செ.மீ. வரை குறைந்தாலும் சட்டை போட்டால் தெரியாது, வேலைக்கும் தடை இல்லை. காலில் இந்தச் சலுகை கிடையாது.

முனைகள் ஒன்றோடொன்று முழுப் பரப்பில் பொருந்திய பிறகுதான் பிளேட். வழக்கமாக 4.5 மி.மீ. ஸ்க்ரூக்கள் ஏற்கும் டிசிபி வகை, அதாவது ஸ்க்ரூவை இறுக்கும்போதே முனைகளை அழுத்தும் பிளேட். எலும்பு பருமனாக இருந்தால் அகலமான பிளேட் நல்லது. அதில் துளைகள் ஒரே கோட்டில் இல்லாமல் மாறி மாறி இருப்பதால் எலும்பு நீளவாக்கில் பிளக்கும் ஆபத்து குறைவு. மெல்லிய கைக்குக் குறுகிய பிளேட் போதும். முறிவுக்கு மேலே நான்கு, கீழே நான்கு ஸ்க்ரூ, ஒவ்வொன்றும் எலும்பின் இரு சுவரையும் பிடிக்க வேண்டும். அதாவது பக்கத்துக்கு எட்டுப் பிடிகள். துளையின் ஓரத்தில் டிரில் செய்து ஸ்க்ரூவை இறுக்கும்போது பிளேட் சரிந்து ஒரு துளைக்குச் சுமார் 1 மி.மீ. அழுத்தம் தரும். நீளமான இடைவெளியை மூட வேண்டுமானால் பிளேட்டின் முனையில் மாட்டும் இழுவைக் கருவி வேண்டும். முறிவு சாய்வாக இருந்தால் குறுக்கே ஒரு ஸ்க்ரூ போட்டால் திருகல் அடங்கும்.

தோல்விகள் ஏறக்குறைய எல்லாம் ஒரே சில தவறுகளில் இருந்து வருகின்றன: ஆறு துளைப் பிளேட்டோடு நிறுத்துவது, எலும்பைச் சுற்றியுள்ள தசையை முழுதாக உரித்துவிடுவது, இடைவெளியை அப்படியே விட்டு ஒட்டால் நிரப்ப முயல்வது. கடைசித் தவறு மிகவும் பரவலானது. ஒட்டு இடைவெளிக்குப் பாலம் அல்ல, பொருந்திய முனைகளைச் சுற்றி வைக்கும் உரம்.

லாக்கிங் பிளேட் பற்றி ஒரு வார்த்தை. ஸ்க்ரூவின் தலையே பிளேட்டில் மரை ஏறிப் பூட்டிக்கொள்வதால் மெலிந்த எலும்பில் அது பிடுங்கிக்கொள்வது குறைவு. வயதானவர்களுக்கும், பழைய ஸ்க்ரூத் துளைகள் நிறைந்த எலும்புக்கும் அது தேவைதான். ஆனால் முதலிலேயே லாக்கிங் ஸ்க்ரூக்களைப் போட்டுவிட்டால் இருக்கும் இடைவெளி அப்படியே நிரந்தரமாகப் பூட்டப்படும். சாதாரண ஸ்க்ரூவால் அழுத்தி முடித்த பிறகே லாக்கிங் ஸ்க்ரூ. முப்பது வயது ஆணின் கெட்டியான எலும்புக்கு விலையுயர்ந்த டைட்டானியம் லாக்கிங் பிளேட் தருவதாகச் சொல்லும் கூடுதல் பலன் மிகக் குறைவு. அங்கே நல்ல எஃகு டிசிபி போதுமானது.

ராடு மாற்றுவது: காலின் கணக்கு கைக்குப் பொருந்தாது

தொடையெலும்பு கூடாவிட்டால் பழைய ராடை எடுத்து, குழாயைக் குடைந்து, 1 அல்லது 2 மி.மீ. தடித்த ராடு போடுவது நன்றாக வேலை செய்யும். அதே யோசனையை மேற்கைக்குக் கொண்டுவரும்போது விளைவு ஏமாற்றம். ராடு மட்டும் மாற்றியதில் பாதிப்பேருக்குக்கூடக் கூடாத ஆய்வுகள் உண்டு. அதே நோயாளிகளைப் போன்றவர்களுக்குப் பிளேட் வைத்தபோது ஏறக்குறைய எல்லோருக்கும் கூடியது.

காரணம் புரிந்துகொள்ளக் கடினமானதல்ல. காலில் ஒவ்வோர் அடியும் முறிவை அழுத்துகிறது. கை தொங்குகிறது, தன் எடையாலேயே முனைகளை விலக்குகிறது. கதவைத் திறப்பது, தட்டை எடுப்பது என்று நாள் முழுக்க நடப்பது திருகல். ராடு வளைவை நன்றாகத் தடுக்கும், திருகலை அவ்வளவாகத் தடுக்காது. கூடவே மேற்கை எலும்பின் குழாய் முழங்கையை நெருங்கும்போது தட்டையாகிக் குறுகி முடிந்துவிடுகிறது. அங்கே தடித்த ராடைத் தள்ளினால் எலும்பு வெடிக்கும். மேலிருந்து போடும் ராடு தோளின் தசைநாண் வழியே நுழைகிறது. அதே நாணை இரண்டாம் முறை கிழிப்பது தோள் வலிக்கு அழைப்பு.

ராடுக்கு இடமே இல்லை என்பதல்ல. புற்றுநோயால் அரித்து முறிந்த எலும்பு, வெட்டித் திறக்க முடியாத தழும்புத் தோல் என்று சில சூழல்களில் அது வேண்டும். உள்ளேயே அழுத்தம் கொடுக்கும் அமைப்புள்ள ராடுகள் சாதாரண ராடைவிட மேல். ஆனால் பழைய ராடுக்குப் பதில் இன்னொரு சாதாரண ராடு என்று மட்டும் யாராவது சொன்னால், ஏன் பிளேட் வேண்டாம் என்று கேட்டுவிடுங்கள்.

இதற்கு நடுவே ஒரு நல்ல வழி இருக்கிறது. ராடு சரியான இடத்தில் இருக்கிறது, தோளில் துருத்தவில்லை, தொற்று இல்லை, இடைவெளியும் இல்லை என்றால் அதை எடுக்காமல் பக்கத்தில் ஒரு பிளேட் சேர்க்கலாம். ராடு வளைவைத் தடுக்க, பிளேட் திருகலைத் தடுக்கும். ஸ்க்ரூக்கள் ராடின் ஓரமாக நுழையும், அல்லது ஒரு சுவரை மட்டும் பிடிக்கும் லாக்கிங் ஸ்க்ரூ போடுவார்கள். அறுவை சிறியது, தோளைத் தொட வேண்டியதில்லை, முடிவுகளும் நன்றாக இருக்கின்றன. மெலிந்த எலும்புள்ள முதியவருக்கு இதையே முதலில் யோசிக்கலாம்.

எலும்பு ஒட்டு எங்கிருந்து?

இடுப்பெலும்பின் விளிம்புதான் இன்னும் முதலிடம். முன்பக்கத் துருத்தலுக்கு 2, 3 செ.மீ. பின்னால் வெட்டு தொடங்கினால் தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போகும் சிக்கலைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். சிலருக்கு இடுப்பு வலி மாதக்கணக்கில் நீடிக்கும், கை வலியைவிட அதுதான் தொல்லை என்பார்கள். முனைகள் பருத்த வகை என்றால் அங்கே வெட்டிய புது எலும்பையே பொடித்து வைத்தால் போதும், இடுப்பைத் தொட வேண்டாம். மெலிந்த முனை, இரண்டாவது அறுவை, புகைப்பவர் என்றால் ஒட்டை மிச்சப்படுத்துவது தவறான சிக்கனம். கடையில் கிடைக்கும் செயற்கை எலும்புத் துகள்கள் இடத்தை நிரப்பும், உயிர் கொடுக்காது.

ஊசி மூலம் மஜ்ஜை ஏற்றுவது, அல்ட்ராசவுண்ட் கருவி போன்றவை ஆடிக்கொண்டிருக்கும் முறிவையும் விலகி நிற்கும் முனைகளையும் சரிசெய்யாது. பிடிப்பு உறுதியாக இருந்து, கூடுவது மட்டும் மந்தமாக இருக்கும் இடத்தில்தான் அவற்றைப் பற்றிப் பேசவே வேண்டும்.

எலும்பு முட்டை ஓடாக மெலிந்திருந்தால் வேறோர் உத்தி: கீழ்க்காலின் மெல்லிய எலும்பான ஃபிபுலாவில் இருந்து 6 முதல் 10 செ.மீ. துண்டை எடுத்து மேற்கைக் குழாய்க்குள் செருகி, வெளியே பிளேட் வைப்பது. ஒவ்வொரு ஸ்க்ரூவும் இப்போது இரண்டுக்குப் பதில் நான்கு சுவரைப் பிடிக்கிறது. கணுக்கால் உறுதி கெடாமலிருக்க ஃபிபுலாவின் கடைசி 6 முதல் 8 செ.மீ. பகுதியை விட்டுவைக்க வேண்டும். மேல்முனையருகே சுற்றிவரும் நரம்பையும் காக்க வேண்டும், அது பட்டால் பாதம் தொங்கும். 6 செ.மீ.க்கு மேல் எலும்பே இல்லாமல் போயிருந்தால் இரத்தக் குழாயோடு எடுத்த ஃபிபுலாவை நுண்ணறுவையால் இணைப்பது ஒரு வழி. அது எல்லா ஊரிலும் நடக்கும் வேலையல்ல.

சீழ் பிடித்த முறிவும் இலிசரோவும்

தொற்று உறுதியானால் அன்றே பிளேட்டும் ஒட்டும் வைப்பது சூதாட்டம். பழைய உலோகத்தை எடுத்து, செத்த எலும்பையும் திசுவையும் வெட்டி, ஆன்டிபயாடிக் கலந்த எலும்பு சிமெண்டை அந்த இடத்தில் வைத்து மூடுவார்கள். சுமார் ஆறு வாரம் கிருமிக்கேற்ற மருந்து. சிமெண்டைச் சுற்றி ஆறு முதல் எட்டு வாரத்தில் இரத்த ஓட்டமுள்ள ஒரு சவ்வு உருவாகும். இரண்டாம் கட்டத்தில் அதைத் திறந்து சிமெண்டை எடுத்து, சவ்வுப் பையை எலும்பு ஒட்டால் நிரப்பிப் பிளேட் வைப்பார்கள். பிரான்ஸின் மாஸ்கெலே வகுத்த முறை இது.

இலிசரோவ் வளையத்தின் பலம், தொற்று உள்ள இடத்தில் உலோகம் எதுவும் தங்காது என்பதும், அறுவைக்குப் பிறகும் வெளியே நட்டைத் திருகி அழுத்தத்தைக் கூட்டலாம் என்பதும்தான். கைதேர்ந்தவர்களிடம் கூடும் விகிதம் பிளேட்டுக்குச் சளைத்ததல்ல. ஆனால் நான்கு முதல் ஆறு மாதம் அதோடு வாழ வேண்டும். மேற்கையில் நரம்பும் தமனியும் சுற்றிச் சுற்றி ஓடுவதால் காலைப்போல் எங்கும் கம்பி செலுத்த முடியாது. தோள்பக்கம் முழு வளையத்துக்குப் பதில் அரைவட்டமும் தடித்த பின்களும் வைப்பார்கள். ஒருக்களித்துப் படுக்க முடியாது, சட்டை போட முடியாது, பின் துளைகளைத் தினமும் சுத்தம் செய்தாலும் ஏதோ ஒன்றில் சிவப்பும் நீர்க்கசிவும் வந்தே தீரும். தொற்று இல்லாத, எலும்பு நன்றாக உள்ள கைக்கு இதை முதல் வழியாகச் சொல்வதை ஏற்பது கடினம்.

ரேடியல் நரம்பு

எந்த வழியானாலும் ஆபத்தில் இருப்பது இதுவே. எலும்பின் பின்பக்கத்தை ஒட்டிச் சுற்றி இறங்கும் இந்த நரம்பு, முழங்கையின் வெளிப்புறத் துருத்தலுக்குச் சுமார் 14 செ.மீ. மேலே பின்பக்கத்தைவிட்டு வெளியேறி, சுமார் 10 செ.மீ. மேலே தசைத் திரையைத் துளைத்து முன்னே வரும். மேல், நடுப்பகுதி முறிவுக்குக் கையின் முன்-வெளிப்பக்கமாகவும் கீழ்ப்பகுதிக்குப் பின்பக்கமாகவும் திறப்பது வழக்கம். முன்பே அறுவை நடந்த கையில் நரம்பு தழும்புக்குள் ஒட்டிக் கிடக்கும். அதனால் தழும்பில்லாத இடத்தில் நரம்பைக் கண்டுபிடித்து அங்கிருந்து பின்தொடர வேண்டும்.

அறுவைக்கு முன் மணிக்கட்டையும் கட்டைவிரலையும் மேலே தூக்கச் சொல்லிப் பார்த்து எழுதிவைக்க வேண்டும். பின்னர் மணிக்கட்டு தொங்கினால் எப்போது வந்தது என்ற வாக்குவாதம் இருக்காது. நரம்பு முழுதாக இருப்பதைக் கண்ணால் பார்த்து மூடியிருந்தால், பெரும்பாலானவர்களுக்கு மூன்று நான்கு மாதத்தில் அசைவு திரும்பும். அதுவரை மணிக்கட்டைத் தூக்கிப் பிடிக்கும் ஸ்பிளின்ட்டும் விரல் பயிற்சியும் வேண்டும். நரம்புச் சோதனையை முதல் வாரத்தில் செய்து பலனில்லை, மூன்று வாரம் கழித்தே அது எதையாவது காட்டும்.

யாருக்கு எது?

பிரேஸ் போட்டுக் கூடாத, தொற்றில்லாத நடுவயதுக் கை: அழுத்தும் பிளேட், முனைகளைப் பார்த்து ஒட்டு. ராடு வைத்துக் கூடாதது: ராடை எடுத்துப் பிளேட்டும் ஒட்டும், அல்லது ராடு நல்ல நிலையில் இருந்தால் அதோடு பிளேட். பிளேட் வைத்து ஸ்க்ரூ தளர்ந்தது: தொற்றைச் சோதித்த பிறகு நீளமான லாக்கிங் பிளேட்டும் ஒட்டும், எலும்பு மெலிவாக இருந்தால் உள்ளே ஃபிபுலா. சீழ்: இரண்டு கட்டம் அல்லது வளையம். எண்பது வயதில், வலி குறைவு, பிரேஸோடு சாப்பிடவும் உடுத்தவும் முடிகிறது, இதயமோ நுரையீரலோ மயக்க மருந்தைத் தாங்காது என்றால், கூடாத எலும்போடேயே வாழ்வதும் மதிக்கத்தக்க முடிவு. யாரும் தோற்றதாக நினைக்க வேண்டியதில்லை.

தேதி குறிப்பதற்கு முன் புகையை நான்கு முதல் ஆறு வாரமாவது நிறுத்தியிருக்க வேண்டும், எலும்பு கூடும்வரை தொடக்கூடாது. மூன்று மாதச் சர்க்கரை அளவான எச்பிஏ1சி 8க்குக் கீழே வர வேண்டும். வைட்டமின் டி குறைவைச் சரிசெய்ய வேண்டும். இவை அவசர அறுவைகள் அல்ல, ஒரு மாதம் தள்ளினால் நஷ்டமில்லை.

பிளேட் உறுதியாக இருந்தால் வலி அடங்கிய சில நாட்களிலேயே முழங்கையை மடக்கி நீட்டவும், குனிந்து கையை ஊசலாட்டவும் தொடங்கலாம். முறுக்கும் வேலை, ஊன்றி எழுவது, வாளி தூக்குவது எல்லாம் எக்ஸ்ரேயில் பாலம் தெரியும்வரை கூடாது. அதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். இறுகிப்போன முழங்கையோடு அறுவைக்குப் போகிறவர்கள், அறுவை மேசையிலேயே அதையும் தளர்த்த முடியுமா என்று முன்பே கேட்பது நல்லது. மூட்டு அசையாவிட்டால் அந்த விசை முழுவதும் முறிவிடத்துக்குத்தான் போகும்.

கூடிய பிறகு பிளேட்டை எடுக்க வேண்டுமா என்பது கடைசியாக எல்லோரும் கேட்பது. தொந்தரவு இல்லாவிட்டால் எடுக்காமல் விடுவதே மேல், ஏனென்றால் நரம்பு இப்போது பிளேட்டின் மேல் தழும்போடு ஒட்டியிருக்கும். எடுத்தே ஆக வேண்டிய நிலை வரலாம் என்பதால், நரம்பு பிளேட்டின் எந்தத் துளையைக் கடக்கிறது என்று அறுவைக் குறிப்பில் எழுதச் சொல்லி அதன் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.